மாயச் சங்கும் தேநீர்க் கடையும்: கற்பனைச் சாகச நாவலை வகுப்புக்குத் தேர்வது

'தி காஞ்ச் பேரர்' கொல்கத்தாவின் ஒரு தேநீர்க் கடையில் தொடங்கி இமயமலையின் மறைவான பள்ளத்தாக்கில் போய் நிற்கும் சிறார் நாவல். சங்கைச் சுமப்பவன் என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1956இல் கொல்கத்தாவில் பிறந்து, படிப்புக்காக அமெரிக்கா சென்று அங்கேயே குடியமர்ந்த சித்ரா பானர்ஜி திவாகருணி ஆங்கிலத்தில் எழுதியது. 2003இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இதன் தொடர்ச்சியாக 2005இலும் 2009இலும் இரண்டு நாவல்கள் வந்து முத்தொகுதியாக நிறைவு பெற்றது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பனைச் சாகச நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியர் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று விளக்க இந்த நூல் நல்ல மாதிரி. ஆசிரியருக்கு உவப்பானவையும் அச்சம் தருபவையும் இதில் ஒன்றாகவே இருக்கின்றன.

கதை இதுதான். பன்னிரண்டு வயது ஆனந்தின் அப்பா துபாய்க்கு வேலைக்குப் போனார். சில காலம் பணமும் கடிதமும் வந்தன, பிறகு நின்றுபோயின. வசதியாக இருந்த வீட்டை விட்டு அம்மாவும் பிள்ளைகளும் குடிசைப் பகுதிக்கு வந்து சேர்கிறார்கள். தங்கை மீரா தெருவில் ஒரு கொலையைக் கண்ணால் கண்ட நாளிலிருந்து பேசுவதில்லை. ஆனந்த் பள்ளிக்கூடத்தை விட்டு ஹாரு என்பவனின் தேநீர்க் கடையில் பாத்திரம் கழுவுகிறான். குளிர்காலத்தில் ஒரு நாள் கடை முதலாளி விரட்டிவிட்ட ஒரு கிழவருக்குத் தன் பங்குத் தேநீரையும் பூரியையும் கொடுக்கிறான். அந்தக் கிழவர் அபயதத்தர். இமயத்தின் வெள்ளிப் பள்ளத்தாக்கில் வாழும் குணப்படுத்துவோர் சகோதரத்துவத்தைச் சேர்ந்தவர். அவர்களிடமிருந்து களவுபோன மாயச் சங்கு ஒன்றை மீட்டு வைத்திருக்கிறார், அதை உரிய இடத்தில் கொண்டு சேர்க்கத் துணை வேண்டும். திருடிய சுரபானு பின்தொடர்கிறான். தெருவைப் பெருக்கிப் பிழைக்கும் நிஷா என்ற சிறுமியும் பயணத்தில் சேர்ந்துகொள்கிறாள்.

இப்படி ஒரு நூல் கையில் வந்தவுடன் பெரும்பாலான மதிப்பீட்டுப் படிவங்கள் மாயத்தைப் பற்றித்தான் கேட்கின்றன: கற்பனை வளம் எப்படி, விறுவிறுப்பு எப்படி, நீதி என்ன. இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றுகிறது. மாயம் கால் ஊன்றி நிற்கும் தரையை முதலில் சோதிக்க வேண்டும், மாயத்தை அதற்குப் பிறகு. தரை உறுதியாக இருந்தால் பறக்கும் கம்பளத்தையும் பேசும் சங்கையும் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார்கள். தேநீர்க் கடை பொய்யாக இருந்தால் சங்கும் பொய்யாகிவிடும்.

இரண்டு வாசிப்பு

மதிப்பிடும் ஆசிரியர் நூலை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை பென்சில் இல்லாமல், முடிந்தால் இரண்டே அமர்வில், பிள்ளை படிப்பது போல. எந்த இடத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை போனது, எந்த இடத்தில் கண் ஜன்னலுக்குப் போனது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். இரண்டாம் முறை பென்சிலோடு. பக்க ஓரத்தில் மூன்று குறிகள் போதுமானவை: வகுப்பில் விளக்கம் தேவைப்படும் இடம், ஏதேனும் ஒரு பிள்ளைக்கு மனம் நோகக்கூடிய இடம், நிறுத்திப் பேசத்தக்க இடம். பின்னட்டையையும் விருதுப் பட்டியலையும் பார்த்துத் தேர்ந்த நூலில் இரண்டாவது குறி வகுப்பில் வைத்துத்தான் தெரியவரும். அப்போது காலம் கடந்திருக்கும்.

'தி காஞ்ச் பேரர்' நூலில் இந்த மூன்று குறிகளும் முதல் சில அத்தியாயங்களிலேயே அடர்ந்துவிடுகின்றன. இமயத்துக்குப் போன பிறகு குறிகள் குறைகின்றன. நூலின் பலமும் பலவீனமும் இதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

தேநீர்க் கடை

ஆனந்த் வேலை செய்யும் கடையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதுப் பையன் கடையில் பாத்திரம் கழுவுவதைப் படித்ததும் இன்றைய பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, போலீஸ் ஏன் பிடிக்கவில்லை என்பதாக இருக்கும். ஆசிரியரிடம் பதில் தயாராக இருக்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1986ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் அது பட்டியலிட்ட சில தொழில்களில் மட்டுமே பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களைத் தடுத்தது. வீட்டு வேலை, சாலையோர உணவகம், தேநீர்க் கடை ஆகியவை அந்தப் பட்டியலுக்குள் வந்தது 2006 அக்டோபர் 10 முதல்தான். எல்லாத் தொழில்களுக்கும் தடை விரிந்தது 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில். அதிலும் பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்ற உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நாவல் வெளிவந்த ஆண்டு 2003. ஹாருவின் கடையில் ஆனந்த் நிற்கும்போது இந்த வேலிகள் எதுவும் இல்லை. கதைக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இந்த மூன்று ஆண்டு இடைவெளி சமூக அறிவியல் வகுப்புக்குக் கிடைத்த கொடை. வேறு எந்தப் பகுதியைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.

அதே பக்கத்தில் ஓர் அபாயமும் இருக்கிறது. விடியற்காலையில் பால் பாக்கெட் போட்டுவிட்டு வரும் பையனோ மாலையில் அம்மாவோடு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணோ அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். 'உங்களில் யாராவது ஆனந்த் மாதிரி வேலைக்குப் போகிறீர்களா?' என்று கேட்கும் ஆசிரியர் அந்தப் பிள்ளையைக் கூண்டில் ஏற்றுகிறார். கேள்வி கதைக்குள்ளேயே நிற்க வேண்டும்: ஆனந்த் கடையை விட்டுவிட்டால் அன்று இரவு வீட்டில் என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்குத் தெரிந்தவர்கள் பதில் சொல்லலாம். சொல்லாமல் இருக்கவும் இடம் இருக்கிறது.

துபாயில் காணாமல்போன அப்பாவுக்கும் இதுவே பொருந்தும். தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் வளைகுடா நாட்டுக்கு ஆளை அனுப்பாத தெரு குறைவு. அப்பாவின் போன் வராத வாரம் என்றால் என்ன என்பது அந்த ஊர்களில் பல பிள்ளைகளுக்கு அனுபவப் பாடம். நாவலை வகுப்புக்கு எடுத்து வரும் முன் அந்த வகுப்பின் வீடுகளைப் பற்றி வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது.

மீராவின் மௌனம்தான் மிகக் கவனமாகக் கையாள வேண்டிய இடம். கொலையைக் கண்ட குழந்தை பேச்சை இழப்பது கற்பனை இல்லை, நிஜ வாழ்க்கையில் நடப்பது. நாவலில் அவளுக்கு ஆறுதல் வருவது அபயதத்தரின் மாய ஆற்றலால். கதைக்குள் இது சரி. வகுப்பிலோ இதை விளக்காமல் விட்டால், பயந்துபோன பிள்ளையை மந்திரிக்க அழைத்துப் போகும் பழக்கத்துக்குப் புத்தகம் துணை நிற்பதாகிவிடும். இந்தப் பகுதியைப் படித்த நாளன்று, மனம் உடைந்த பிள்ளைக்கு நிஜத்தில் யார் உதவுவார்கள் என்று சொல்லி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதிவைப்பது பொருத்தம்.

எந்தக் கொல்கத்தா?

நூல் அமெரிக்கச் சிறுவர்களை முதல் வாசகர்களாக நினைத்து எழுதப்பட்டது. இந்தியப் பிள்ளைக்குத் தெரிந்தவற்றை அது பொறுமையாக விளக்குகிறது. தெரியாதவற்றைச் சில சமயம் விளக்காமல் கடக்கிறது. பூரியைத் தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மைதா மாவில் வெள்ளையாகப் பொரித்தெடுக்கும் லுச்சி வங்காளிகளுக்கு ஏன் தனி என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் பல தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையிடம் இதே நூலைக் கொடுத்தால் விளக்க வேண்டியவற்றின் பட்டியல் தலைகீழாகிவிடும். ஆகையால் ஒரு பள்ளி தயாரித்த சொல் விளக்கத்தை இன்னொரு பள்ளி அப்படியே எடுத்துக்கொள்வதில் பயன் குறைவு.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. கொல்கத்தா என்றாலே குடிசையும் பசியும் என்று உலகத்துக்குக் காட்டிய நூல்களின் வரிசை நீளமானது. தோமினிக் லாப்பியர் 1985இல் எழுதிய 'சிட்டி ஆஃப் ஜாய்' அவற்றில் மிகவும் புகழ்பெற்றது. அதைத் திரைப்படமாக எடுக்க வந்தபோது நகரத்தில் எதிர்ப்பே கிளம்பியது. திவாகருணி அந்த நகரத்தில் வளர்ந்தவர், அவருடைய வறுமைச் சித்திரத்தில் ஏளனம் இல்லை. ஆனாலும் கொல்கத்தாவைப் பற்றி வேறொன்றும் படித்திராத ஒரு வகுப்பு இந்த நாவலை மூடும்போது அதன் மனதில் எஞ்சுவது குடிசைப் பகுதியும் கொலைகாரர்களும்தான். இதற்கு மாற்று நாவலுக்கு வெளியேதான் கிடைக்கும். 1873இல் முதன்முதலாக ஓடிய டிராம், 1984இல் இந்தியாவிலேயே முதலாகத் திறந்த மெட்ரோ, காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடைகள், 1976 முதல் நடக்கும் புத்தகக் கண்காட்சி என்று ஒரு பாடவேளை படங்களோடு பேசினால் ஆனந்தின் நகரம் முழுமையாகும். அப்போது அவன் இழந்தது என்னவென்றும் தெரியும். அத்தனை புத்தகங்கள் உள்ள ஊரில் அவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல்போனது என்பதுதான் அது.

மாயத்துக்கு விதி உண்டா

தரையைப் பார்த்த பிறகு மாயம். இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த மாயத்தால் எது முடியாது? எல்லாம் முடியும் என்று எழுதிய கதையில் ஆபத்து இல்லை, ஆபத்து இல்லாத இடத்தில் சாகசமும் இல்லை. வங்காளப் பிள்ளைகள் நன்கு அறிந்த ஓர் உதாரணம் உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி 1915இல் 'சந்தேஷ்' இதழில் எழுதிய கூப்பி, பாகா கதை. அவருடைய பேரன் சத்யஜித் ராய் அதை 1969இல் வெளிவந்த படமாக்கினார். படத்தில் பூதராஜன் வரம் தருகிறான். ஆனால் கூப்பியும் பாகாவும் ஒருவர் கையோடு ஒருவர் கை தட்டினால்தான் சாப்பாடு வரும், நினைத்த ஊருக்குப் போக முடியும். ஒருவர் தனியாகிவிட்டால் வரம் வேலை செய்யாது. இந்த ஒரு விதி நட்பைப் பற்றிய பத்துப் பிரசங்கங்களுக்குச் சமம். அதே நேரத்தில் கதையில் எப்போது சிக்கல் வரும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

சங்கின் விதிகள் இவ்வளவு கச்சிதமானவை இல்லை. ஆனாலும் அது நினைத்ததையெல்லாம் நடத்தித் தரும் கருவி இல்லை என்பதில் நாவல் உறுதியாக இருக்கிறது. சுமப்பவன் அதைச் சொந்த லாபத்துக்குத் திருப்ப ஆசைப்படும் இடங்களிலெல்லாம் கதை இறுகுகிறது. நேர்மை, விசுவாசம், இரக்கம் என்ற மூன்று குணங்களைச் சகோதரத்துவம் போற்றுகிறது. இவை ஒன்றோடொன்று மோதும் சந்தர்ப்பங்களில்தான் நாவல் தன் உயரத்தைத் தொடுகிறது. ஒரு குணத்தைத் தனியே எடுத்துக் கட்டுரை எழுதச் சொல்வதில் வகுப்புக்கு ஒன்றும் கிடைக்காது. நண்பனைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா, கொடுத்த வாக்கைக் காப்பதற்காகத் துன்பத்தில் இருப்பவரைக் கடந்து போகலாமா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரிய வேண்டும்.

முடிவும் இலவசமாக வருவதில்லை. சங்கைச் சேர்ப்பித்த பிறகு ஆனந்த் வீட்டுக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சாகசக் கதையில் பையன் வெற்றியோடு வீடு திரும்புவதே வழக்கம் என்று நினைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது அதிர்ச்சி. அம்மாவைப் பிரிந்து விடுதியில் இருக்கும் பிள்ளைகள் உள்ள வகுப்பில் இந்தக் கடைசிப் பக்கங்களை ஆசிரியரே சத்தமாகப் படிப்பது மேல், தனியாகப் படிக்க விடக் கூடாது.

விதியைக் கேட்கும் இந்தச் சோதனைக்கு ஒரு விலக்கு சொல்லியாக வேண்டும். உபேந்திரகிஷோரின் மகன் சுகுமார் ராய் எழுதிய 'ஹ-ஜ-ப-ர-ல' கதையில் கைக்குட்டை பூனையாகிறது, காக்கை கணக்குப் போடுகிறது, நீதிமன்றம் நடக்கிறது. எதற்கும் விதி கிடையாது, விதியைக் கேலி செய்வதே அதன் வேலை. சாகச நாவலின் அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்த்து 'தர்க்கம் போதவில்லை' என்று எழுதும் மதிப்பீட்டாளர் நகைப்புக்குரியவர் ஆவார். அளவுகோலை எடுக்கும் முன் எந்த வகைக் கதை என்று தெரிந்துகொள்வது அவசியம்.

சங்கின் பூர்வீகம்

நாவலில் சங்கின் வரலாறு மகாபாரதத்தோடு தொடுக்கப்படுகிறது. தேவ மருத்துவர்களான அசுவினி தேவர்கள், அவர்களின் மைந்தர்களான நகுலன், சகாதேவன் என்று அந்த இழை போகிறது. பாரதத்தில் இவ்விருவருக்கும் சங்குகள் உண்டு என்பது உண்மை. பகவத் கீதையின் முதல் அத்தியாயத்தில் நகுலனின் சங்கு சுகோஷம், சகாதேவனுடையது மணிபுஷ்பகம். ஆனால் அவை போர்க்களத்தில் ஊதிய சங்குகள். உயிர்காக்கும் மாயச் சங்கு நாவலாசிரியரின் சொந்தப் படைப்பு. சுரபானு என்ற பெயரும் அமுதத்தைத் திருடி உண்டு ராகு கேதுவாகப் பிளந்த சுவர்பானுவை நினைவுபடுத்துகிறது. திருடனுக்கு வைக்கத்தக்க பெயர்தான். எது பழைய கதை, எது புதிய சேர்க்கை என்று பிரித்துக் காட்டுவது ஆசிரியரின் பொறுப்பு. இல்லையென்றால் நாவலில் படித்ததை வியாசர் சொன்னதாகப் பிள்ளை தேர்வில் எழுதும்.

இங்கே இன்னொரு கேள்வி வரும். முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்பது அரசியலமைப்பின் 28ஆவது கூறு. காவியப் பாத்திரம் வரும் நாவலைப் படிப்பது சமயப் போதனை ஆகாது. என்றாலும் வகுப்பில் பல சமயத்துப் பிள்ளைகள் இருக்கும்போது சங்கைப் பூசைப் பொருளாக மட்டுமே பேசினால் சிலர் ஒதுங்கிப் போவார்கள். இதற்கு நல்ல வழி, சங்கைக் கடலிலிருந்து தொடங்குவது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் மூழ்கி எடுத்த சங்குகள் நெடுங்காலமாகக் கப்பலேறி வங்கத்துக்குப் போயின. அங்கே சாங்காரி எனப்படும் கைவினைஞர்கள் அவற்றை அறுத்து, மணமான வங்காளப் பெண்கள் அணியும் வெள்ளை வளையல்களாக்கினர். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். முத்துக் குளிக்கும் ஊர்ப் பிள்ளைக்கும் கொல்கத்தா மணமகளுக்கும் நடுவே ஓடும் இந்தக் கோடு நாவலில் இல்லை. தமிழ் வகுப்பில் அதை ஆசிரியர் இழுத்துக் காட்டலாம்.

நிஷா, சுரபானு, கிழவர்

பாத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நிஷாதான் நூலின் சிறந்த படைப்பு. பயப்படுகிறாள், கோபப்படுகிறாள், பசியைப் பற்றி ஆனந்தைவிடத் தெளிவாகப் பேசுகிறாள். ஆண்களே நிறைந்த சகோதரத்துவத்தில் ஒரு பெண்ணுக்கு இடம் உண்டா என்ற கேள்வியை அவள் வருகை எழுப்புகிறது. தெருப் பெருக்கும் சிறுமி என்று படித்ததும் சில வகுப்புகளில் சிரிப்பு எழும், சாதிப் பெயர் முணுமுணுக்கப்படும். அதைக் கேட்காதது போல் ஆசிரியர் கடந்தால் நாவல் செய்த வேலையெல்லாம் வீண்.

சுரபானு அவ்வளவு நன்றாக வரவில்லை. அவன் உருமாறுகிறான், அச்சுறுத்துகிறான். ஏன் அப்படி ஆனான் என்பது மெலிதாகவே இருக்கிறது. அபயதத்தர் சில இடங்களில் ஆசிரியரைப் போலவே பேசிவிடுகிறார், அதுவும் நீளமாக. ஆற்றல் இல்லாத சிறுவன், ஞானமுள்ள முதியவர், கொண்டுசேர்க்க வேண்டிய பொருள், தொடரும் பகைவன் என்ற சட்டகம் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படித்தவர்களுக்கும் ஹாரி பாட்டர் படித்தவர்களுக்கும் பழகியதுதான். அதைக் குறையாக எழுதிவிட்டு நகர வேண்டியதில்லை. டோல்கீனின் ஃபிரோடோ மோதிரத்தை அழிக்கச் சுமந்து போகிறான், ஆனந்த் சங்கைத் திருப்பித் தரச் சுமந்து போகிறான். அழிப்பதற்கும் திருப்பித் தருவதற்கும் உள்ள வேறுபாட்டை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளால் பேச முடியும். பெரும்பாலும் பெரியவர்கள் எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே பேசுவார்கள்.

மொழியும் பாடவேளையும்

நூல் 250 பக்கங்களுக்கு மேல். நாற்பது நிமிடப் பாடவேளையில் நிறுத்தி நிதானமாகப் படித்தால் பன்னிரண்டு பக்கம் நகரும். வாரம் ஒரு பாடவேளை என்றால் ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதி போய்விடும், பிள்ளைகளின் ஆர்வம் அதற்கு முன்பே போயிருக்கும். தேநீர்க் கடை முதல் ஹௌரா ரயில் நிலையம் வரையிலான தொடக்கத்தை வகுப்பில் சத்தமாகப் படித்து, நடுப் பயணத்தைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு குழுவும் தன் பகுதியைக் கதையாகச் சொல்லச் செய்து, முடிவை மறுபடி வகுப்பில் படித்தால் எட்டு, ஒன்பது வாரத்தில் முடியும்.

ஆங்கில வழி வகுப்புக்கு மொழி எளிது என்று ஆசிரியர் முடிவுகட்டிவிடக் கூடாது. நூலின் நடுவிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளை ஒருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் பிள்ளை தனியாக இந்த நூலைப் படிக்காது, உடனிருந்து படிக்க வேண்டும் என்று பொருள். நன்றாகப் படிக்கும் பிள்ளையை வைத்துச் செய்யும் சோதனையால் எதுவும் தெரியாது.

தமிழ் வழி வகுப்பில் இந்த நூலை ஆசிரியர் படித்துத் தமிழில் சொல்லலாம். ஆனால் எட்டு வாரம் சொல்வது ஆசிரியருக்குச் சுமை. தமிழிலேயே எழுதிய நூல்களுக்கு இதே சோதனையை நடத்துவது சுலபம். ஜெயமோகனின் 'பனிமனிதன்' இமயத்தையே களமாகக் கொண்ட சாகச நாவல். 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியின் மண்ணில் கால் வைத்துக் காலத்தைத் தாண்டுகிறது. தரை, மாயம், விதி என்ற வரிசையில் இவற்றையும் வைத்துப் பார்க்கலாம். 'ஆதனின் பொம்மை'க்குத் தரை அகழாய்வுக் குழி என்பதால் அருங்காட்சியகப் பயணத்தோடு சேர்த்துத் திட்டமிடுவது இயல்பாக அமையும்.

வரைபடத்தில் ஏறும் கதை

கற்பனைச் சாகசக் கதை பாடநூலாகவே பிறந்ததும் உண்டு. சுவீடன் நாட்டு ஆசிரியர் சங்கம் பிள்ளைகள் நாட்டின் நிலவியலைக் கற்க ஒரு வாசக நூல் கேட்டது. செல்மா லாகர்லாஃப் 1906, 1907இல் இரு பாகங்களாக எழுதிக் கொடுத்தது, குட்டையனாகச் சுருங்கி வாத்தின் முதுகில் நாடு முழுதும் பறக்கும் நில்ஸ் என்ற பையனின் கதை. 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூர் அதன் உந்துதலில் 'புரோ ஆங்லா' எழுதினார். விநாயகரைச் சீண்டிக் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிய ரிதோய் என்ற குறும்புப் பையன் வாத்துக் கூட்டத்தோடு வங்கத்தின் ஆறுகளையும் வயல்களையும் கடந்து கைலாயம் நோக்கிப் பறக்கிறான். சுவீடன் கதையில் நில்ஸைச் சபித்துச் சுருக்கிய குள்ளபூதம் இருந்த இடத்தில் விநாயகர் வந்து உட்கார்ந்த விதம், கதையை இன்னொரு மண்ணுக்கு எப்படிப் பெயர்ப்பது என்பதற்கே பாடம்.

ஆனந்தின் பயணத்தையும் இப்படி வரைபடத்தில் ஏற்றலாம். கொல்கத்தாவிலிருந்து கங்கைச் சமவெளி வழியாக இமயம் வரை ஒரு கோடு வரைந்து, எது நிஜ ஊர், எங்கிருந்து வரைபடம் கற்பனைக்குள் நுழைகிறது என்று பிள்ளைகளையே குறிக்கச் சொன்னால், நாவலைக் கவனமாகப் படித்தவர் யாரென்று தெரிந்துவிடும். தனித் தேர்வு வேண்டியதில்லை. நிலவியல் தகவலைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை மட்டும். பிபூதிபூஷண் பந்தோபாத்யாய ஆப்பிரிக்காவுக்குப் போகாமலே, படித்ததைக் கொண்டு 'சாந்தேர் பஹார்' எழுதினார். 1937இல் நூலாக வந்த அந்த நாவல் இன்றும் வங்காளப் பிள்ளைகளின் கண்ணில் ஆப்பிரிக்காவை வரைகிறது. காடும் மலையும் அதில் கண்கூடாக வருகின்றன, அந்த மண்ணின் மனிதர்களோ ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். அழகாக எழுதியது அத்தனையும் சரியாகவும் இருக்கும் என்று நம்பி நிலவியல் பாடத்துக்கு எடுக்கக் கூடாது.

பிரதிகள், பெற்றோர், முடிவு

நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது பிரதி வாங்கப் பெரும்பாலான பள்ளிகளால் இயலாது. குழுவுக்கு ஒன்றாக எட்டுப் பிரதியும் ஆசிரியருக்கு ஒன்றும் இருந்தால் மேலே சொன்ன முறையில் நடத்தலாம். கற்பித்தலின் போது ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. அதை வைத்து முழு நாவலையும் நகலெடுத்துத் தைத்து விநியோகிப்பது சரியில்லை. உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நூல் அது. ஓர் அத்தியாயத்தை நகலெடுப்பது வேறு.

பெற்றோருக்கு அனுப்பும் குறிப்பு அரைப்பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கதை என்ன, அதில் ஒரு குழந்தைத் தொழிலாளி வருகிறான், ஒரு கொலை நினைவாக வருகிறது, மாயம் வருகிறது என்று மறைக்காமல் எழுதினால் பின்னால் வரும் புகார்களில் பாதி வராது. எதிர்ப்பு வந்தால் அந்தப் பெற்றோரிடம் முதல் மூன்று அத்தியாயங்களைப் படிக்கக் கொடுப்பது நேரான வழி.

இறுதி முடிவை ஆசிரியர் தனியாக எடுக்காமல், வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பிரதியை வைத்து வெள்ளோட்டம் பார்க்கலாம். முதல் இரண்டு அத்தியாயங்களை ஒரு வகுப்புக்கு வாசித்துவிட்டு, எதுவும் கேட்காமல் நூலை மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மறுநாள் எத்தனை பேர் வந்து 'அந்தக் கிழவர் யார்?' என்று கேட்கிறார்கள், எத்தனை பேர் 'இது பரீட்சைக்கு வருமா?' என்று கேட்கிறார்கள் என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதிவைக்கலாம். முதல் கேள்வி அதிகமாக இருந்தால் எட்டுப் பிரதிக்கு ஆர்டர் கொடுக்கலாம். இரண்டாவது அதிகமென்றால் அந்தப் பிரதி நூலகத்துக்குப் போகட்டும், இதே சோதனையை அடுத்த நூலோடு தொடங்கலாம்.